வேலுத்தாய் சுருட்டிக்கொண்டு போன புஞ்சை

இதைப் பொய்யென்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறவர்கள் முதலில் முள்ளிச்செவலுக்குப் பஸ் ஏறிப் போய், ஊருக்குக் கிழக்கே வேலுத்தாயின் புஞ்சை நடுவில் நிற்கிற சர்க்கார் மேசையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வரட்டும். இழுப்பறைகூட இன்னும் திறக்கிறது, உள்ளே குண்டூசி டப்பாவும் தலைவலித் தைலமும் இருக்கின்றன. மேசை எப்படி அங்கே போனது என்பதுதான் சங்கதி.

முள்ளிச்செவல் என்று பேரில்தான் செவல், மண் என்னவோ அட்டக்கரிக் கரிசல். பேரைப் பார்த்துவிட்டு எவரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ 'செம்மண்' என்று எழுதிவைத்துவிட்டதால், நாற்பது வருசமாக அந்த ஊருக்குச் செம்மண்ணில் விளைகிற நிலக்கடலை விதைதான் மானியமாக வந்துகொண்டிருந்தது, ஊரும் மறுபேச்சுப் பேசாமல் அதை வாங்கி வறுத்துத் தின்றுகொண்டிருந்தது. இந்த வருசம்தான் புதிதாக, விதையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், ஏக்கருக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் பேங்கில் போட்டுவிடுகிறோம் என்று சர்க்கார் சொல்லியிருந்தது.

வேலுத்தாய்க்கு ஒரு ஏக்கர் நாற்பது செண்டு. அவள் அப்பன் எழுதிவைத்தது, பட்டா அவள் பேரில். இரண்டு வருசமாக மழையும் இல்லை, விதைப்பும் இல்லை. மூன்று பக்கத்திலும் சோலார் கம்பெனிக்காரன் நிலம் வாங்கி நீலத் தகடுகளை நட்டுவைத்துவிட்டான். நாலாவது பக்கம் கொழுந்தன்முறைக்காரன் இருளப்பனுடைய நிலம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கும் புருசன் பொன்னுச்சாமி ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏ புள்ள, காசு ஏறிருச்சா?" ஏறவில்லை என்றதும் அடுத்த வார்த்தை சோலார்காரன்தான். கடைசியில் அவளே சொல்லிவிட்டாள்: "இந்தப் புரட்டாசிக்கும் புஞ்சை தரிசாக் கெடந்துச்சுன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தந்திர்றேன். அதுவரைக்கும் சும்மா இருங்க." சொன்ன பிறகுதான் நாளை எண்ணிப் பார்த்தாள். புரட்டாசிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

பதினொரு கிலோமீட்டர் தள்ளிப் பெரியமடையில் இருந்தது விவசாய ஆபீஸ். அதிகாரி ஞானதுரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது வருசமாகிறது. ஒன்பது வருசத்தில் அவர் பார்த்த பச்சை, மேசைமேல் விரித்திருந்த துணியின் பச்சை மட்டும்தான். வேலுத்தாய் ஏழாவது நடையாகப் போய் நின்றபோது அவர் தைலத்தைப் பொட்டில் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"புலத்தணிக்கை பண்ணாம மானியம் தர முடியாதும்மா."

"அப்ப வந்து தணிக்கை பண்ணுங்க சார்."

"ஜீப்புக்கு டீசல் இல்ல."

"பஸ்ஸு வருதே சார்."

"ஒரு அதிகாரி பஸ்ஸுல வந்து எறங்குனா அது தணிக்கையாம்மா? சும்மா வந்து உசுர எடுக்காத. ஒன்னு செய், ஒன் நெலத்தச் சுருட்டி எடுத்துட்டு வா, இங்கனயே பாத்துக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

ஆபீஸே சிரித்தது. வேலுத்தாய் சிரிக்கவில்லை. ஏழு நடையில் அந்த ஆபீஸில் அவளுக்குச் சொல்லப்பட்டவற்றில், ஒரு மனுசி செய்து முடிக்கக்கூடிய காரியமாக அது ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போனாள். ஆவணி வெயிலில் கரிசல், கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. வடகிழக்கில், சனி மூலையில் இரண்டு விரலைக் கொடுத்து நெம்பினாள்; வெந்த தோசை ஓரம் எழும்புகிற மாதிரி மண் எழும்பி வந்தது. பிறகென்ன, கோரம்பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டே போனாள். அடியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புச் சுக்கான் தரை, அதில் கூச்சப்பட்டு நெளிந்த இரண்டு பாம்புக் குட்டிகள், அவள் குமரியாக இருந்தபோது தொலைத்த மூக்குத்தித் திருகாணி. திருகாணியை முந்தியில் முடிந்துகொண்டு, சுருட்டிய புஞ்சையை மூன்று இடத்தில் கட்டித் தூக்கிப் பார்த்தாள். இரண்டு வருசமாக மழையோ விளைச்சலோ ஏறாத மண், உமி மூட்டைக் கனம்தான் இருந்தது.

இருளப்பன் பல்குச்சியோடு வந்து நின்றான்.

"என்ன மதினி, புஞ்சைய எங்க கூட்டிட்டுப் போறீக?"

"ஆபீசுக்கு."

"போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க. அப்ப இந்தப் பொழிக்கல்லு?"

"அது இங்கதான் இருக்கும் கொழுந்தனாரே. ஒம்ம கைய மட்டும் மடியிலயே வச்சுக்கிடும்."

"சேச்சே, நா எதுக்குத் தொடப்போறேன்," என்றான் இருளப்பன். அவள் ரோட்டில் ஏறுவதற்குள் எல்லைக்கல் மூன்றடி நகர்ந்துவிட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் வழிமறித்தார். "யம்மா, பொம்பளைக்குத்தான் ஓசி. லக்கேஜுக்கு டிக்கெட் எடு. எத்தனை ஏக்கரு அது?"

"ஒன்னே நாப்பது. அதுக்கெல்லாம் எதுக்கு டிக்கெட்டு?"

"ஒரு ஏக்கருக்கு மேல போனா ரெண்டு டிக்கெட்டும்மா. சட்டம்."

பின் சீட்டிலிருந்து மீன்கூடைக்காரி ஒருத்தி குரல் கொடுத்தாள்: "யோவ், பட்டா யாரு பேருலன்னு கேளு மொதல்ல."

"எம்பேருலதான்," என்றாள் வேலுத்தாய்.

"அப்பறம் என்ன? அதுவும் பொம்பளைதான். விசில் ஊது."

பஸ் முழுக்க அதுதான் நியாயம் என்றது. கண்டக்டர் யோசித்துப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

ஆபீஸில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவில்லை. ஞானதுரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுருளைப் பார்த்தார். ஒரு ஜெராக்ஸ் காப்பியும் வேண்டும் என்றார். நிலத்துக்கு எங்கே சார் ஜெராக்ஸ் எடுக்க என்றாள். அது உன் பாடு, எதிர்த்தாற்போல் கடை இருக்கிறது என்றார். கடைக்காரன் ஓரத்தில் ஒரு சாண் மண்ணை மட்டும் கண்ணாடியில் வைத்து எடுத்துக் கொடுத்தான். காப்பி கரும் கருப்பாக வந்தது, அசலைவிட நன்றாக இருக்கிறதென்று அதை வாங்கிக்கொண்டார்கள். பிறகு தாழ்வாரத்தில் விரித்து நாடா பிடித்தார்கள். ஒரு ஏக்கர் முப்பத்தெட்டு செண்டுதான் இருந்தது.

"ரெண்டு செண்டு எங்கம்மா?"

"அத முன்னமே வளைச்சு எங்க கொழுந்தனாரு மொச்சை போட்டிருக்காரு சார்."

எழுத்தர் சிதம்பரவடிவு மேடம் சனி மூலையில் ஊதா மையில் முத்திரை குத்தி, தபால் எண் முந்நூற்றுப் பதினேழு என்று எழுதி, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். சுருளை ரிக்கார்டு ரூமில் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். "கையெழுத்து இப்பவே போடுறேன்னீங்களே சார்," என்றாள். "பாத்துட்டுப் போடுறேன்னேன். இனிமேதான பாக்கணும்," என்றார் ஞானதுரை.

அந்த ஒப்புகைச் சீட்டு ஊருக்குள் வந்ததுதான் வினையாகப் போயிற்று. முள்ளிச்செவல்காரர்களுக்கு ஒரு வழக்கம்: ஊரில் ஒருத்தர் கையில் சர்க்கார் சீட்டு ஒன்று தென்பட்டால், அது எதற்கான சீட்டு என்று கேட்பதற்கு முன்னால் தனக்கும் ஒன்று வாங்கிவிட வேண்டும். ஒருமுறை வெறிநாய் ஊசி போட்டவனுடைய சீட்டைப் பார்த்துவிட்டு அறுபது பேர் வரிசையில் நின்று ஊசி குத்திக்கொண்டு வந்த ஊர் அது. ஆகவே அந்த வாரமே பொழுது விடிந்தால் எங்கே பார்த்தாலும் ஆட்கள் குனிந்து நிலம் சுருட்டுகிறார்கள். சுருட்டுக் கூலி ஏக்கருக்கு முந்நூறு, ஓரம் பிசிறாமல் சுருட்டினால் ஐம்பது கூடுதல். பங்காளித் தகராறில் இருந்த நிலத்தை இரண்டு முனையிலிருந்தும் அண்ணனும் தம்பியும் சுருட்டிக்கொண்டு வந்து நடுவில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆபீஸ் தாழ்வாரத்தில் ஜவுளிக்கடைத் துணி மாதிரி புஞ்சைகளாக நிமிர்ந்து நின்றன. எதிரே இரண்டு டீக்கடையும், 'இங்கு நிலம் தூசி தட்டித் தரப்படும்' என்று ஒரு போர்டும் முளைத்தன.

பஞ்சாயத்து மாஜி தலைவர் கூலிக்காரர்கள் கையில் மண் படுவதை விரும்பாதவர். பொக்லைன் வைத்து ஊர்க் கண்மாயையே சுருட்டித் தார்ப்பாய் போர்த்தி லாரியில் கொண்டுவந்து, இருபத்திரண்டு ஏக்கர் சொந்த நஞ்சை என்று எழுதிக் கொடுத்தார். தார்ப்பாய்மேல் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. ஞானதுரை அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் பணம் ஏறி, முன்மாதிரி விவசாயி என்று ஒரு சால்வையும் வந்துவிட்டது. துணி துவைக்கப் போன பெண்கள் கண்மாய் எங்கே என்று கேட்டபோது, "ஆய்வுக்குப் போயிருக்குத்தா, வந்துரும்," என்றார் சால்வையைச் சரிசெய்துகொண்டு.

சோலார்காரனுக்கும் வாயெல்லாம் பல். வெள்ளைத் தரையில் நடந்து பார்த்து, சமப்படுத்துகிற செலவு மிச்சம் என்றான். "புரட்டாசி பொறந்திருச்சேம்மா, பத்திரம் அடிக்கச் சொல்லட்டுமா?" என்று வேலுத்தாயிடம் கேட்டான். "மாசம் முடியட்டும்யா," என்றாள் அவள்.

நூற்றுப் பன்னிரண்டு நிலம் தணிக்கைக்குக் காத்திருக்கிறது என்று மேலே தகவல் போனதும் ஜீப்புக்கு டீசல் வந்தது. ஞானதுரை ஒன்பது வருசத்தில் முதல்முறையாக முள்ளிச்செவலில் இறங்கினார். ஜீப் படியிலிருந்து காலை எடுக்காமலே வெள்ளைத் தரையைப் பார்த்தார்.

"நெலம் எங்கம்மா?"

"ஒங்க ரிக்கார்டு ரூம்புல சார்."

"அது ரிக்கார்டும்மா. நான் கேக்குறது நெலம்."

"அதுதான் சார் இது. இதுதான் சார் அது."

"இங்க பாரு, தணிக்கைன்னா கண்ணால பாக்குறது. கண்ணுக்கு ஒன்னும் தெரியல." ஜீப்பின் மூக்கில் தாளை வைத்து எழுதினார்: மனுதாரருக்கு நிலம் ஏதுமில்லை. மானியம் நிராகரிக்கப்படுகிறது. அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். "விடும்மா. நெலம் இல்லாதவங்களுக்கு வெள்ளாட்டுக் குட்டி குடுக்குற திட்டம் ஒன்னு வருது, எழுதிப் போடு."

"குடுப்பாகளா சார்?"

"குடுப்பாங்க. மேய்க்கிறதுக்கு ஒரு ஏக்கர் நெலம் மட்டும் காட்டணும்."

வேலுத்தாய் மறுநாள் போய்ச் சொன்னாள்: மானியம் வேண்டாம், மயிரும் வேண்டாம், என் புஞ்சையைத் திருப்பித் தந்துவிடுங்கள். வடிவு மேடம் பைலைப் புரட்டினாள். நிலத்தைத் திரும்பப் பெற, நிலம் உள்ளவர் என்று சான்று வேண்டும். பைலிலோ அவள் நிலமில்லாதவள். "நா என்னம்மா செய்யட்டும், எழுதுனது அவரு," என்றாள் மேடம், குரலைத் தாழ்த்தி.

வெளியே வந்து படியில் உட்கார்ந்த வேலுத்தாய் காற்றை மோந்து பார்த்தாள். காற்று திரும்பியிருந்தது. தட்டான்கள் முழங்கால் உயரத்தில் பறந்தன. வடகிழக்கில், எருமை படுத்த மாதிரி ஒரு மேகம். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. கரிசல்காரர்கள் மழை பெய்த பிறகு விதைக்கிறவர்கள் இல்லை. மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற ஜாதி. புழுதி விதைப்பு என்று அதற்குப் பேர். மழை முந்திவிட்டால் அந்த மண் சகதியாகிக் காலை வைக்கவிடாது, வருசம் போயிற்று. அவளுடைய மண்ணோ பூட்டிய அறைக்குள்.

அவள் வீட்டுக்குப் போனாள். பொங்கலுக்கென்று சாம்பல் கலந்து பானையில் வைத்திருந்த இரண்டு படி பாசிப்பயறை மடியில் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

"மேடம், எம் புஞ்சைய ஒரு தடவை பாத்துட்டு வந்துர்றேன்."

"பாக்குறதுக்குத் தனி மனு போடணும்..." என்று ஆரம்பித்த வடிவு மேடம் அவள் மடியைப் பார்த்தாள், ஞானதுரையின் காலி நாற்காலியைப் பார்த்தாள், இடுப்புச் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "அஞ்சு நிமிசம். உள்ள ஒரே புழுதியா இருக்கும், மூக்கப் பொத்திக்க."

"புழுதிதான் மேடம் வேணும்," என்றாள் வேலுத்தாய்.

ஐம்பது வருசத்து மனுக்கள் உதிர்ந்து மாவாகிக் கிடந்த அந்த அறையில் கணுக்கால் அளவு புழுதி. முந்நூற்றுப் பதினேழை அவள் எண்ணைப் பார்த்துத் தேடவில்லை, வாசத்தை வைத்தே கண்டுபிடித்தாள். சுருளின் இரண்டு முனையிலும், வெடிப்புகளிலும், கை நுழைகிற தூரம் வரை நுழைத்து, ஒவ்வொரு பயறாக அமுக்கி, புழுதியை அள்ளி மூடினாள். மடியில் மிச்சம் இருந்தது. பக்கத்துச் சுருள்களைப் பார்த்தாள். எல்லாம் அவள் களையெடுத்த நிலங்கள்தான். ஆளுக்கு ஒரு பிடி போட்டாள். இருளப்பன் நிலத்துக்குப் போடும்போது மட்டும் வாய் எதையோ முணுமுணுத்தது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, தபால் வருகிற நேரத்தில் மழை வந்தது. மூன்று தடவை பழுது பார்த்ததாக எழுதப்பட்ட கூரை அது. எத்தனை தடவை எழுதினார்களோ அத்தனை இடத்தில் ஒழுகியது. கரிசலுக்கு ஒரு குணம், தண்ணீர் பட்டால் ஊதும். ஊதிற்று. உள்ளே பயறு கண் விழித்து முட்டிற்று. முதல் கயிறு தெறித்தது, இரண்டாவது தெறித்தது, மூன்றாவது தெறித்ததும் ரிக்கார்டு ரூம் கதவு பெயர்ந்து விழ, வேலுத்தாயின் புஞ்சை தானாகவே உருண்டு வெளியே வந்து, ஆபீஸ் தரையில் இரண்டு செண்டைச் சிவப்பு நாடாவும் காகிதக் கூழுமாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, ஞானதுரையை அவர் மேசையோடும் நாற்காலியோடும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, படியிறங்கிப் பிரதான சாலையில் திரும்பி, இடது கைப்பக்கமாகவே ஒழுங்காக ஊரைப் பார்த்துப் போனது. பின்னால் நூற்றுப் பதினோரு நிலமும் வரிசை பிசகாமல் போயின. எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது. "டிக்கெட் எடுக்காமப் போகுதே!" என்று கத்திய கண்டக்டரை, "பொம்பளைதானய்யா, போகட்டும்," என்று உள்ளேயிருந்தவர்கள் அடக்கினார்கள்.

கண்மாயும் போனது. ஆனால் இருபத்திரண்டு ஏக்கர் உடம்பு, வேகத்தில் தடம் பிசகி, தன் பழைய இடத்தில் பாதியும் மாஜி தலைவர் பங்களாவின்மேல் பாதியுமாகப் படுத்துக்கொண்டது. ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். அவர் மாடியில் நின்றபடியே வெள்ள நிவாரணத்துக்கு மனுப் போட்டார். அதுவும் மதியச் சாப்பாட்டுக்குள் கிடைத்துவிட்டது.

வேலுத்தாய் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பொழியில் நின்றாள். புஞ்சை வந்தது. மூன்றடி நகர்ந்திருந்த எல்லைக்கல்லைத் தோளால் தள்ளி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெள்ளைத் தரையின்மேல் விரிந்து, சுருக்கமெல்லாம் நீங்கிப் படுத்தது. நடுவில் ஞானதுரை உட்கார்ந்திருந்தார், தைலப் புட்டி கையிலேயே இருந்தது.

"வாங்க சார்," என்றாள் வேலுத்தாய். "ஒம்போது வருசமாக் கூப்புடுறோம்."

அவர் இறங்கக் காலை வைத்தார். கரிசல் சகதி ஷூவைப் பிடித்துக்கொண்டது. மறுகாலை வைத்தார், அதையும் பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தபோது, இரண்டு ஷூவுக்கும் நடுவே ஒரு பயறு முளை, இரண்டு இலையை விரித்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு விரலால் அதைத் தொட்டார்.

"இது என்னம்மா?"

"பயறு சார்."

"இப்படித்தான் இருக்குமா?"

"எழுதுங்க சார்," என்றாள் அவள். "மழை வலுக்குது."

அவர் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்து எழுதினார்: நிலம் உள்ளது. ஈரமாக உள்ளது. கையெழுத்துப் போட்டு, தைலப் புட்டியை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, ஷூவை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஊரைப் பார்த்து நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "ஏ புள்ள, காசு ஏறிருச்சா?"

"பயறு மொளச்சிருச்சு," என்றாள் வேலுத்தாய். "அப்ப சோலார்காரன்?" என்றான் பொன்னுச்சாமி. "அவன் எடத்துல அவன் இருக்கான். களையெடுக்க நீங்க எப்ப வாரீக?"

மானியமும் வராமல் இல்லை. அறுவடை முடிந்து தையில் வந்தது, பணமாக இல்லை, மூட்டையாக: செம்மண்ணுக்கு ஏற்ற நிலக்கடலை விதை. ஊர் அதை வறுத்துத் தின்றது.

பாசிப்பயறு அந்த வருசம் அமோகம். ஆபீஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அந்த இரண்டு செண்டு மட்டும்தான் தொல்லை. இருளப்பன் தின்ற இரண்டு செண்டுக்கு அது சரியாகப் போயிற்று என்று அவள் கணக்கை முடித்துக்கொண்டாலும், அதில் எதைப் போட்டாலும் முளைக்காது. போட்ட விதையெல்லாம் மறுநாள் காலையில் போட்டபடியே மேலே வந்து கிடக்கும். இரண்டாம் தடவை போட்டாலும் அப்படித்தான், ஒரு விதை குறைத்துத் திருப்பிவிடும். மூன்றாவது தடவை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, வேலுத்தாய் ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை நாலாக மடித்து விதைக்குக் கீழே வைத்து மண்ணைத் தள்ளினாள்.

சாயங்காலத்துக்குள் முளைத்துவிட்டது.